பிறப்புச் சான்று இல்லாத குழந்தைக்கு எங்கிருந்து தொடங்குவது? அடிக்கடி வரும் கேள்விகள்

செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகை, இருளர், நரிக்குறவர் குடியிருப்புகள், குழந்தைகள் இல்லங்கள் என்று பல இடங்களில் வேலை செய்கிற ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியவை. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். ஆனால் எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

குழந்தைக்கு ஆதார் எடுத்தாகிவிட்டது. அப்புறம் பிறப்புச் சான்று எதற்கு?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆதார் ஒருவர் யார் என்பதைக் காட்டும் அட்டை, அவ்வளவுதான். பிறந்த தேதிக்கு அது சான்று ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. குடியுரிமைக்கும் அது சான்று இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. 2023-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஏன், அந்த ஆதாருக்கே கூட, பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டப் பிறப்புச் சான்றுதான் வேண்டும். அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு ஆவணங்களும் செல்லும். அதாவது இப்போது கைக்குழந்தையாக இருப்பவர்களை விட்டுவிட்டால், பின்னால் சமாளிக்க அவர்களுக்கு வேறு வழி கிடையாது. பெரிய பிள்ளைகளுக்கு மாற்று வழிகள் இருக்கின்றன. நேரமும் ஆளும் குறைவாக இருந்தால் கைக்குழந்தைகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது? எல்லாவற்றுக்கும் இன்னொன்றைக் கேட்கிறார்களே.

உண்மைதான், சாதிச் சான்றுக்கு ரேஷன் கார்டு, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஆதார், ஆதாருக்குப் பிறப்புச் சான்று என்று சுற்றிச் சுற்றி வரும். பிறப்புப் பதிவிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் குழந்தையின் பெயரில் வேறு எந்த அடையாள அட்டையும் தேவையில்லை. பெற்றோரின் ஆதார் எண்ணைக்கூட, 'இருந்தால்' கொடுங்கள் என்றுதான் திருத்தச் சட்டம் சொல்கிறது. ஆதார் இல்லாத அம்மாவைத் திருப்பி அனுப்பினால், அந்த 'இருந்தால்' என்ற சொல்லை எடுத்துக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் காகிதத்தில் என்ன எழுத்து விழுகிறதோ அதுதான் பிறகு எல்லாக் காகிதத்திலும் ஏறும். அம்மாவை ஊரில் ராணி என்று கூப்பிடுவார்கள், ஆதாரில் செல்வராணி என்று இருக்கும், ஆஸ்பத்திரி சீட்டில் வெறும் 'ராணி' என்று எழுதியிருப்பார்கள். விண்ணப்பம் எழுதும் முன்பே, தமிழிலும் ஆங்கிலத்திலும் எந்தப் பெயர், எந்த எழுத்து, எந்த இனிஷியல் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் அந்தச் சீட்டை அப்படியே நீட்டினால் போதும். அரை மணி நேர வேலைதான், பின்னால் வருடக்கணக்கில் அலைவதை மிச்சப்படுத்தும்.

எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும்?

21 நாளுக்குள் என்றால் கட்டணமே கிடையாது, முதல் சான்றும் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம் கட்டினால் போதும். 30 நாளிலிருந்து ஒரு வருடம் வரை கட்டணத்தோடு மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். முன்பு இதற்கு நோட்டரி முன் வாங்கிய பிரமாணப் பத்திரம் கேட்பார்கள், 2023 திருத்தத்துக்குப் பிறகு நீங்களே கையெழுத்திட்ட ஆவணம் போதும். ஒரு வருடம் தாண்டினால்தான் வழி மாறுகிறது, அதைக் கீழே பார்ப்போம்.

கிராமத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால் அங்கே உள்ள சுகாதார ஆய்வாளர், நகராட்சி, மாநகராட்சி என்றால் அதன் சுகாதாரப் பிரிவு. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் தர வேண்டிய பொறுப்பு ஆஸ்பத்திரிக்குத்தான், பெற்றோருக்கு இல்லை.

ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை, வழியில் பிறந்தது. அதையெல்லாம் பதிவார்களா?

கட்டாயம் பதிவார்கள். அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சாவடி, சத்திரம், தங்கும் விடுதி, கள்ளுக்கடை உட்பட எந்தப் பொது இடத்தில் பிறந்தாலும் அந்த இடத்தின் பொறுப்பாளர் தகவல் தர வேண்டும் என்று இருக்கிறது. 1969-இல் எழுதியவர்கள் கள்ளுக்கடையைக்கூட மறக்கவில்லை, ஆனால் சூளைக் கொட்டகையில் பிறந்த குழந்தையை எங்கே எழுதுவது என்று இன்றும் சிலர் தலையைச் சொறிகிறார்கள். ஓடும் வண்டியில் பிறந்தால் வண்டிக்குப் பொறுப்பானவர் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸில் பிறக்கும் குழந்தைகளை அடுத்துப் போய்ச் சேரும் ஆஸ்பத்திரியிலேயே குறித்துக்கொள்வதால் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை.

குழந்தைக்கு ஏழு வயது, எங்கேயும் பதியவே இல்லை. இனி முடியுமா?

முடியும். வயது வரம்பு கிடையாது, பெரியவர்களே பதிகிறார்கள். அலைச்சல்தான் கூடுதல்.

முதலில், பிறந்த இடத்துப் பதிவாளரிடம் (மேலே சொன்ன கிராம நிர்வாக அலுவலர், சுகாதார ஆய்வாளர் போன்றவர்) போய் அந்தத் தேதியில் அப்படி ஒரு பிறப்பு பதியப்படவில்லை என்று சான்று வாங்க வேண்டும். அதைக் கேட்டுத் தேடும்போதே பழைய பதிவு அகப்பட்டுவிடுவதும் உண்டு. பெற்றோருக்கே தெரியாமல் ஆஸ்பத்திரி பதிந்திருக்கும், குழந்தையின் பெயர்க் கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கும். அதனால் புதிதாகப் பதியக் கிளம்பும் முன் ஒழுங்காகத் தேடச் சொல்லுங்கள். கிராமத்துப் பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போயிருக்கும், அங்கேயும் பாருங்கள்.

உண்மையிலேயே இல்லை என்றால், அந்தச் சான்றோடும் கையிலுள்ள ஆதாரங்களோடும் கோட்டாட்சியரிடம், அதாவது ஆர்டிஓவிடமோ சார் ஆட்சியரிடமோ மனு கொடுக்க வேண்டும். சட்டத்தில் முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் என்று இருந்தது, இப்போது மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நிர்வாக நடுவர், அல்லது ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர் என்று மாற்றிவிட்டார்கள். யாராவது 'கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கி வா' என்று சொன்னால் அவர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். மனு கோட்டாட்சியரிடமிருந்து வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், விஏஓ என்று விசாரணைக்கு இறங்கி வந்து, திரும்ப மேலே ஏறும். உத்தரவு வந்ததும் பதிவாளர் தாமதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிந்து சான்று கொடுப்பார். விஏஓ விசாரிக்க வரும் நாளில் குடும்பம் ஊரில் இருப்பது ரொம்ப முக்கியம். சூளை வேலைக்குப் போகும் குடும்பம் என்றால் மழைக்காலத்தில், அவர்கள் ஊர் திரும்பியிருக்கும்போது மனு போடுங்கள். வேலைக்காலத்தில் போட்டால் 'வீட்டில் ஆள் இல்லை' என்று அறிக்கை போய்விடும், கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

ஆதாரம் என்று சொன்னால் கையில் ஒன்றுமே இல்லையே?

'ஒன்றுமே இல்லை' என்று சொல்லும் வீட்டில் பெரும்பாலும் ஏதாவது இருக்கும், கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். 'டாக்குமெண்ட் இருக்கா?' என்றால் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'ஊசி போட்ட அட்டை இருக்கா?' என்று கேளுங்கள். கூரைச் சொருகலிலோ துணிமூட்டைக்குள்ளோ ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வரும், அதில் நனைந்து ஒட்டிப்போன தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரியில் அனுப்பும்போது கொடுத்த சீட்டு, எப்போதோ எடுத்த ஸ்கேன் தாள் எல்லாம் சேர்ந்து இருக்கும். ஒட்டியிருந்தால் அங்கேயே பிரிக்காதீர்கள், மை கூடவே வந்துவிடும், நிழலில் காயவைத்துப் பிறகு மெல்லப் பிரியுங்கள்.

பிசிஜி ஊசி பிறந்த உடனேயே போடுவது, அந்தத் தேதி ஒன்றே பிறந்த தேதியை ஏறக்குறையக் காட்டிவிடும். அட்டையும் இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு என்று வரிசையாகப் பாருங்கள். குழந்தையின் பெயர் அங்கே இருக்காது, 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மாவின் பெயர்தான் இருக்கும். ஆகவே அம்மாவின் எல்லாப் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். வீட்டுப் பிரசவமாக இருந்து எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால், பிரசவம் பார்த்த பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரின் எழுத்து வாக்குமூலம்.

தேதி நினைவில்லாதவர்களிடம் 'எந்த வருஷம்' என்று கேட்டால் பயனில்லை. பொங்கலுக்கு முன்னா பின்னா, புயல் வந்த வருடமா, எந்த முதலாளியின் சூளையில் இருந்தபோது, மூத்தவனுக்கு அப்போது நடக்கத் தெரியுமா என்று கேட்டால் மாதம் வரைக்கும் வந்துவிடலாம்.

பிக்மி எண் இல்லை என்று பதிய மறுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் 12 இலக்கத்தில் ஓர் எண் கொடுப்பார்கள், அதுதான் பிக்மி எண். ஆஸ்பத்திரிகளில் பிறப்பைப் பதியும்போது அதைக் கேட்கிறார்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில் கர்ப்பமே பதிந்திருக்காது. சண்டை போடுவதைவிட, அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் பார்ப்பதுதான் சீக்கிரம் முடியும் வழி, அவர்தான் அந்த எண்ணை உருவாக்கித் தர முடியும். வயிற்றில் குழந்தை இருக்கும்போதே செய்துவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது.

குடும்பம் விழுப்புரம் பக்கம், குழந்தை பிறந்தது பெங்களூரில். எங்கே பதிவது?

பெங்களூரில். பிறந்த இடம் எதுவோ அங்கேதான். சொந்த ஊரில், தெரிந்த விஏஓ மூலம் 'இங்கேயே பிறந்ததாக' போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூர் ஆஸ்பத்திரி ஏற்கெனவே பதிந்திருந்தால் ஒரே குழந்தைக்கு இரண்டு பிறப்பு ஆகிவிடும், பொய்த் தகவல் தந்த குற்றமும் சேரும்.

இதே விதி எதிர்ப்பக்கத்திலிருந்தும் பொருந்தும். ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் சூளைக்கு வந்தவர்களின் குழந்தை இங்கே பிறந்தால் சான்று இங்கேதான். 'உங்க ஊருக்குப் போய் வாங்கிக்கோங்க' என்று அனுப்பினால், அங்கே போனாலும் கிடைக்காது.

அப்பா யார் என்று சொல்ல விருப்பமில்லை, அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா பெயர் இல்லாமலே பதியலாம். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தனித்தாயோ திருமணமாகாத தாயோ தன் குழந்தைக்குப் பிறப்புச் சான்று கேட்டால், பிரமாணப் பத்திரம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். 2023 திருத்தம் இவர்களைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. முதலெழுத்தாக அம்மாவின் பெயரை வைக்கலாம். கவுண்டரில் நாலு பேர் முன்னால் அந்தப் பெண்ணிடம் துருவித் துருவிக் கேள்வி கேட்பார்கள், அதற்குத்தான் கூட ஓர் ஆள் போக வேண்டியிருக்கிறது. பயந்துபோய் அண்ணன் பெயரையோ தாத்தா பெயரையோ அப்பா கட்டத்தில் எழுத விடாதீர்கள், அதைப் பின்னால் நீக்குவது பெரும்பாடு.

சான்றில் குழந்தை பெயரே இல்லை.

செல்லும் சான்றுதான், பெயர் மட்டும் சேர்க்க வேண்டும். பதிந்து 12 மாதத்துக்குள் என்றால் இலவசம், அப்புறம் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. யோசித்துச் சேருங்கள், ஒரு முறை ஏறிய பெயரைப் பிறகு இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

யாருமே இல்லாத குழந்தை. இல்லத்தில் வளர்கிறது. யார் விண்ணப்பிப்பது?

பச்சிளங்குழந்தை ஒன்று கிடந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அவசர உதவி எண் 112-க்கோ கூப்பிடுங்கள். நீங்களே வீட்டுக்கு எடுத்துப்போய் வளர்ப்பது, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது எல்லாம் குற்றமாகிவிடும். 24 மணி நேரத்துக்குள் குழந்தையை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். பொது இடத்தில் கிடந்த குழந்தையின் பிறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பைச் சட்டம் கிராமத்தில் ஊர் அதிகாரிக்கும் மற்ற இடங்களில் காவல் நிலையப் பொறுப்பாளருக்கும் கொடுத்திருக்கிறது.

வளர்ந்த பிள்ளை என்றால் இல்லத்தின் கண்காணிப்பாளர் குழந்தைகள் நலக் குழுவிடம் உத்தரவு வாங்கி அதை வைத்து நகர்த்த வேண்டும். வயது தெரியாவிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு வழி சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. இரண்டு வருடம் முன்பின் ஆகலாம் என்று நீதிமன்றங்களே ஒத்துக்கொண்ட பரிசோதனை அது, ஆகவே பள்ளிப் பதிவேட்டைத் தேடாமல் நேராக எக்ஸ்ரேவுக்குப் போவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். 17 வயதுப் பெண் 19 என்று ஆகிவிட்டால் குழந்தைத் திருமண வழக்கும் போக்சோ வழக்கும் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். குழு எழுத்தில் பதிந்த வயதையே அந்தச் சட்டத்தின்படி உண்மை வயதாகக் கொள்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ஆதார் எடுக்க, அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் தலைவர் உரிய படிவத்தில் தரும் சான்று செல்லும்.

இல்ல நிர்வாகிகள் பலருக்குத் தெரியாத ஒன்று: பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள யாருமில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 18 வயதாகி வெளியே போகும் முன் அந்தச் சான்றையும் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 14-ஆவது பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் தீர்ப்பு. முதலில் சேர்த்துவிடுங்கள், காகிதம் பின்னால் வரட்டும்.

ஆனால் தலைமையாசிரியர்களே, தேதி தெரியாத பிள்ளைக்கெல்லாம் பிறந்த தேதியாக தயவுசெய்து ஜூன் 1 என்று போடாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள், ஒரு சூளைப் பள்ளியின் வகுப்பே ஒரே நாளில் பிறந்திருக்கும். பிறகு தடுப்பூசி அட்டையை வைத்துப் பிறப்பைப் பதிந்தால் தேதி வேறாக வரும், இரண்டும் மோதும். அம்மாவிடம் கேட்டு, அங்கன்வாடியிலும் பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே போட்டது தவறு என்றால் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போகும் முன் திருத்திவிட வேண்டும், மதிப்பெண் சான்றில் ஏறிவிட்டால் எளிதில் இறங்காது.

பழங்குடிச் சான்றும் இதோடு கிடைத்துவிடுமா?

இல்லை, அது தனிப் பாதை. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தருவார், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். இருளர் முன்பிருந்தே பழங்குடிப் பட்டியலில் உண்டு, நரிக்குறவர், குருவிக்காரர் 2023 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டார்கள், அதற்கு முன் வாங்கிய சான்றில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும், மாற்ற வேண்டும். அப்பா, அம்மா, சித்தப்பா என்று ரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலை முதல் தாளாக வையுங்கள்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்த குழந்தை?

பிறப்புச் சான்று மற்ற எல்லோரையும் போலவே கிடைக்கும், பதிவாளர் குடியுரிமையைப் பார்த்துப் பதிவதில்லை. அதனால் இந்தியக் குடியுரிமையும் வந்துவிடாது, 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறப்பது மட்டும் அதற்குப் போதாது. இலங்கைக் குடியுரிமைக்கு இந்தச் சான்றை வைத்துச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைத் தனியாகப் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் செய்துவிட்டால் சிக்கல் குறைவு. இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

புரோக்கர் சில ஆயிரம் கேட்கிறார், இரண்டே நாளில் தருகிறாராம்.

இரண்டு நாளில் வந்தால் அது போலியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அரசுக் கட்டணம் மொத்தமும் சில நூறு ரூபாயைத் தாண்டாது. சான்றிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அரசு இணையதளத்தில் அந்தப் பதிவு வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் கொடுத்தும் இழுத்தடிக்கிறார்கள். யாரிடம் போவது?

வாய்மொழியாக மறுத்ததை மட்டும் வைத்து மேலே போக முடியாது. மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், தரவில்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பதிவாளரின் முடிவை எதிர்த்து மாவட்டப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், இதுவும் 2023-இல் வந்ததுதான். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் ஒரே குடியிருப்பின் மனுக்களை எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் தனி மனுவைவிடக் கவனம் கிடைக்கும். பல நேரம் அந்த ஊரிலேயே முகாம் போட உத்தரவு ஆகிவிடும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வக்கீல் இலவசம், எண் 15100.

அசலை நான் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டுமா? அவர்கள் தொலைத்துவிடுவார்கள்.

வேண்டாம். அசலை வைத்திருப்பவருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் ஒரு பிடி வந்துவிடும். சூளை முதலாளிகள் சிலர் ரேஷன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வது எதற்கு என்று உங்களுக்கே தெரியும். தொலைந்தால் தொலையட்டும், பதிவு பதிவேட்டில் இருக்கிறது. நகல் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், 2018 முதலான பதிவுகளை இணையத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதிவு எண்ணையும் பதிந்த தேதியையும் மட்டும் நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சான்று கொடுக்கும்போது குழந்தையோடு படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவதையும் விட்டுவிடுங்கள். இல்லத்துப் பிள்ளை என்றால் அது சட்டப்படியே குற்றம்.